மூடிய கதவும் திறந்த வாக்குப் பெட்டியும்

நள்ளிரவு நேரம். பகலெல்லாம் ஆலையிலே நின்று உழைத்த ஒருவன், படுக்கையிலிருந்து திடுக்கிட்டு எழுகிறான். மூச்சு முட்டுகிறது. பேச வாயெடுக்கிறான், பேச்சு வரவில்லை. மனைவி விளக்கைப் போடுகிறாள், மகன் தொலைபேசியை நோக்கி ஓடுகிறான். தெருக்கோடியிலே மருத்துவமனை இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, வாயிலில் விளக்கும் எரிகிறது. ஆனால் உயிருக்குப் போராடுபவனை இரவிலே ஏற்றுக்கொள்ளும் அந்த ஒரு கதவு? அது மூடிக் கிடக்கிறது! "இங்கே இல்லை, 15 மைல் போயாக வேண்டும்" என்கிறார்கள்.

அந்த உழைப்பாளியை நான் கற்பனையில்தான் நிறுத்திக் காட்டுகிறேன். ஆனால் அந்த மூடிய கதவு கற்பனை அன்று. இங்கிலாந்து நாட்டிலே கிடர்மின்ஸ்டர் என்று ஓர் ஊர். அந்த ஊர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூடப்பட்டது. மூடியவர்கள் யார்? சீமான்களின் கட்சியா? முதலாளிமார் கூட்டமா? இல்லை தோழர்களே, இல்லை! பாட்டாளியின் பெயரைச் சொல்லிப் பதவிக்கு வந்த தொழிற்கட்சியின் ஆட்சியில் அது நடந்தது. அதனால்தான் எங்கோ கடல் கடந்த ஒரு சிற்றூரின் கதையை உங்கள் முன் வைக்கிறேன். கட்சிப் பணியாற்றும் ஒவ்வொரு தோழனும் இதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும்.

கம்பளம் நெய்த ஊர்

பர்மிங்காம் பெருநகருக்குத் தென்மேற்கே, ஸ்டூர் ஆற்றங்கரையில் இருக்கிறது கிடர்மின்ஸ்டர். கம்பளத்துக்குப் பெயர் போன ஊர். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கம்பளத் தறிகள் ஓடின. சீமான்களின் மாளிகைகளிலே கால் புதைய நடக்கும் கம்பளத்தை, கால் கடுக்க நின்று நெய்தவர்கள் அந்த ஊர்த் தொழிலாளர்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. வேலை குறைந்தது, ஆட்கள் குறைந்தனர். ஆனாலும் மருத்துவமனை மட்டும் தங்களுக்கு இருக்கிறது என்று ஊரார் நெஞ்சு நிமிர்த்தி நின்றனர். கிடர்மின்ஸ்டரையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் சேர்த்து வயர் ஃபாரஸ்ட் வட்டாரம் என்பார்கள். ஏறத்தாழ 1 லட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

பிள்ளை பிறந்ததும் அங்கேதான், கை முறிந்தால் ஓடியதும் அங்கேதான், தாத்தா கண்ணை மூடியதும் அங்கேதான். ஒரு சிற்றூருக்கு மருத்துவமனை என்றால் வெறும் செங்கல்லும் சுண்ணாம்புமா? இரவிலே படுக்கும்போது மனத்திலே இருக்கிற தெம்பு அல்லவா அது!

சுரங்கத் தொழிலாளி தந்த செல்வம்

இந்த மருத்துவ ஏற்பாடு அந்நாட்டு மக்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

வேல்ஸ் நாட்டிலே திரெடிகர் என்ற சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சில பென்னிகளை ஒதுக்கிப் பொது நிதியில் போட்டு, டாக்டரையும் மருந்தையும் தாங்களே ஏற்படுத்திக் கொண்டார்கள். திரெடிகர் மருத்துவ உதவிச் சங்கம் என்று அதற்குப் பெயர். நோய் வந்தவன் பணப்பையைத் தேட வேண்டியதில்லை. அந்த ஊரிலே பிறந்து, 13 வயதிலே பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவன் ஒரு சிறுவன். அவன்தான் அனைரின் பெவன். பின்னாளில் தொழிற்கட்சி அமைச்சரவையிலே சுகாதார அமைச்சரானார். தன் ஊருக்கு இருந்ததை நாட்டுக்கே ஆக்க வேண்டும் என்றார். மருத்துவர்கள் சங்கம் எதிர்த்தது. எதிர்க்கட்சி எதிர்த்து வாக்களித்தது. ஆயினும் 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி பிறந்தது. எல்லோருக்கும் சிகிச்சை, சிகிச்சை பெறும் நேரத்தில் கட்டணம் இல்லை! இதுதான் அதன் உயிர்க்கொள்கை.

அந்தப் பெவன் 1951-இல் பதவியையே தூக்கியெறிந்தார். எதற்காக? பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கலாம் என்று தன் கட்சி அமைச்சரவையே முடிவு செய்தபோது, அதற்கு உடன்பட மாட்டேன் என்று வெளியேறினார். பல் செட்டுக்காகப் பதவி துறந்தவரின் கட்சி, அரை நூற்றாண்டு கழித்து, ஓர் உழைப்பாளர் ஊரின் அவசர சிகிச்சைக் கதவையே சாத்தியது என்றால், காலத்தின் கோலத்தை என்னென்பது!

அவர்கள் சொன்ன காரணம்

நம் வழக்கம், எதிர்வாதத்தையும் எடுத்து வைத்துப் பேசுவது. மூடியவர்கள் என்ன சொன்னார்கள்? முட்டாள்தனமாக ஒன்றும் சொல்லவில்லை. அதையும் கேட்போம்.

"மருத்துவம் வளர்ந்துவிட்டது. எல்லா நோய்க்கும் ஒரே டாக்டர் என்ற காலம் போய்விட்டது. இதயத்துக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் வேண்டும். அத்தனை பேரையும் இரவும் பகலும் சின்ன ஊரிலே வைத்திருக்க முடியாது. நோயாளிகள் குறைவாக வருகிற இடத்திலே டாக்டரின் கைப்பழக்கமும் குறையும். ஆகவே மூன்று ஊர் மருத்துவமனைகளை ஒன்றாக்கினால் நல்லது" என்றார்கள். 1998-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளும் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை தந்தன. பெரிய பொது மருத்துவமனை ஒன்றுக்கு ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் இருப்பது நல்லது என்றது அறிக்கை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கிடர்மின்ஸ்டர் தேறாது!

வூஸ்டர்ஷயர் மாவட்டத்திலே வூஸ்டர், ரெட்டிச், கிடர்மின்ஸ்டர் என்று மூன்று ஊர்களில் பொது மருத்துவமனைகள். வூஸ்டரில் புதிதாகப் பெரிய மருத்துவமனை கட்டுவது, கிடர்மின்ஸ்டரின் அவசர சிகிச்சையையும் உள்நோயாளிப் படுக்கைகளையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கிடர்மின்ஸ்டரில் மிஞ்சியது என்ன? சிறு காயங்களுக்குக் கட்டுப் போட நர்சுகள் நடத்தும் ஒரு பிரிவு, வெளிநோயாளர் பகுதி, காலையில் வந்து மாலையில் திரும்பும் சிகிச்சைகள்.

"அவசரப் பிரிவைத்தானே எடுத்தோம்" என்று சொல்வது எளிது. கம்பளம் நெய்தவனைக் கேளுங்கள், ஓர் இழையை உருவினால் என்ன ஆகும் என்று! அவசரப் பிரிவு என்பது ஓர் அறையும் நான்கு கட்டிலும் அன்று. அங்கே ஒருவனைக் காப்பாற்ற வேண்டுமானால், நடு இரவிலும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் வேண்டும், கத்தி பிடிக்கும் மருத்துவர் வேண்டும், இரத்தம் வேண்டும், எக்ஸ்ரே வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும், தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிற்காது. ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் கட்டடம் மட்டும் நிற்கும், கோயிலில் சிலையை எடுத்துவிட்டு மணியை மட்டும் விட்டு வைத்ததுபோல!

கடன் வாங்கிக் கட்டிய மாளிகை

வூஸ்டரின் புதிய மருத்துவமனை எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் நிதித் திட்டம் என்று ஒன்று. 1992-இல் கன்சர்வேட்டிவ் ஆட்சி கொண்டு வந்தது. 1997-இல் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அதைக் கைவிடவில்லை, இரு கையாலும் அணைத்துக் கொண்டது. தனியார் கம்பெனி தன் பணத்தைப் போட்டுக் கட்டடத்தைக் கட்டும். மருத்துவமனை நிர்வாகம் 30 ஆண்டுகள்போல, ஆண்டுதோறும் அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டிக்கொண்டே வரும். உடனே கஜானாவிலிருந்து பணம் போகாது, கணக்கிலே கடனாகவும் காட்ட வேண்டியிராது. பிள்ளையின் தலையிலே கடனை எழுதி வைத்துவிட்டு அப்பன் வீடு கட்டிக் குடிபுகுவதுபோல!

வரவு அதேதான். ஆனால் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை முதலில் போய்விடுகிறது. அப்போது எங்கே சிக்கனம் செய்வார்கள்? படுக்கையில்! நர்சின் எண்ணிக்கையில்! அந்தத் திட்டத்தில் முதல் வரிசையில் கட்டப்பட்ட மருத்துவமனைகளில் படுக்கைகள் குறைக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் அப்போதே எடுத்துக் காட்டினர். புதிய வூஸ்டர் மருத்துவமனை 2002-இல் திறந்தது. கிடர்மின்ஸ்டரின் கதவோ 2000-இலேயே மூடிவிட்டது! புதுப்பானை வருமுன்னே பழைய பானையை உடைத்த கதை. கடைசியில், இந்தத் தனியார் நிதித் திட்டமே வேண்டாம், இனிப் புதிதாக ஒன்றும் இல்லை என்று 2018-இல் பிரிட்டன் அரசு கைகழுவியது. கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கோ பணம் கட்டியாக வேண்டும்.

ஊர் எழுந்தது

கிடர்மின்ஸ்டர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். "உங்களுக்கு மருத்துவ நுணுக்கம் தெரியாது" என்றது மேலிடம். "நுணுக்கம் தெரியாது, மூச்சு நிற்பது எப்படி என்பது தெரியும்" என்பதுதான் ஊராரின் எண்ணம்.

அந்தத் தொகுதியின் பார்லிமெண்ட் உறுப்பினர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டேவிட் லாக். வழக்கறிஞர், ஆற்றலுள்ளவர், இளம் அமைச்சர். 1997-இல் அந்த ஊர் மக்களே அவரை வெற்றி பெறச் செய்து அனுப்பினார்கள். அவர் அரசின் முடிவை ஆதரித்து நின்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தன் அரசின் முடிவு சரியென்றே அவர் நம்பியிருக்கலாம். ஆனால் ஊருக்கும் அரசுக்கும் இடையே நிற்பவன் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறான் என்பதை மக்கள் கவனிக்கிறார்கள் தோழர்களே! லாக் ஊருக்கு முதுகைக் காட்டி நிற்பதாக மக்கள் எண்ணிவிட்டார்கள்.

பெரிய கட்சிகளிடம் முறையிட்டு அலுத்த மக்கள், சுகாதார அக்கறை என்ற பெயரில் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் வட்டார மன்றத் தேர்தலில் நின்றார்கள், இடங்களைப் பிடித்தார்கள். பிறகு பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. யாரை நிறுத்துவது? அரசியல் புலியையா? பணக்காரனையா? இல்லை. அதே மருத்துவமனையிலே 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற டாக்டர் ரிச்சர்ட் டெய்லரை நிறுத்தினார்கள். வயது 66. ஊரிலே எத்தனையோ பேருக்கு நாடி பிடித்துப் பார்த்த கை அவருடையது.

2001-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வாக்குப் பதிவு. நாடெங்கும் தொழிற்கட்சிக்குப் பெருவெற்றி, 400-க்கும் மேற்பட்ட இடங்கள். டோனி பிளேர் மீண்டும் பிரதமர். அந்த வெற்றி வெள்ளத்துக்கு நடுவிலே இந்தத் தொகுதி எதிர்நீச்சல் போட்டது. டாக்டர் டெய்லருக்கு 28,487 வாக்குகள். அமைச்சர் லாக்குக்கு 10,857. வித்தியாசம் 17,630!

நினைத்துப் பாருங்கள். கொடி கட்ட ஆள் பலம் இல்லை, நாடு தழுவிய கட்சி இல்லை. ஒரே ஒரு கோரிக்கை: எங்கள் மருத்துவமனை! ஆளுங்கட்சி அமைச்சரின் வாக்கை விட இரண்டரை மடங்குக்கு மேல் வாங்கினார் அந்த முதியவர். 2005-இல் மறுபடியும் நின்றார், 5,250 வாக்கு வித்தியாசத்தில் மறுபடியும் வென்றார். 2010-இல்தான் கன்சர்வேட்டிவ் வேட்பாளரிடம் தோற்றார். பார்லிமெண்டில் இருந்த ஆண்டுகளில் சுகாதாரக் குழுவின் உறுப்பினராக இருந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருத்துவமனை திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். சிறு சிறு வசதிகள் வந்தன, சிகிச்சைக்குப் புதிய பகுதி வந்தது. ஆனால் முழு அவசர சிகிச்சைப் பிரிவு திரும்பவில்லை. மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். கலைந்து போன டாக்டர்களையும் நர்சுகளையும் மறுபடி ஒன்று சேர்க்க ஓர் ஆயுள் வேண்டும்!

கணக்கு என்ன சொல்கிறது?

உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு, கணக்கைப் பார்ப்போம்.

2007-இல் ஆங்கில ஆய்வாளர்கள், ஆம்புலன்ஸில் கொண்டு போகப்பட்ட, உயிருக்கு ஆபத்தான 10,315 பேரின் விவரங்களைச் சோதித்தார்கள். மருத்துவமனை 10 கிலோமீட்டர் தள்ளிப் போகப் போக, நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக இறந்தார். மூச்சுத் தொல்லையோடு போனவர்களிடம் இந்த வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தது. நம் நள்ளிரவுத் தோழனை நினைவிருக்கிறதா?

மறுபக்கமும் உண்டு. லண்டன் நகரிலே 2010-இல், பக்கவாதம் வந்தவர்களை ஏறத்தாழ 30 மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவதை நிறுத்தி, 8 சிறப்பு மையங்களுக்கு மட்டும் கொண்டு போனார்கள். இறப்பு குறைந்தது! உண்மைதான், ஒப்புக்கொள்வோம். ஆனால் அங்கே முதலில் மையங்களை அமைத்தார்கள், எந்த வீட்டிலிருந்தும் 30 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் போய்ச் சேருமா என்று கணக்குப் பார்த்தார்கள், அப்புறம்தான் மாற்றினார்கள். லண்டனின் 30 நிமிடம் வேறு, பனி பெய்யும் கிராமப் பாதையின் 15 மைல் வேறு.

இன்னொரு ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 2009 முதல் 2011 வரை அவசரப் பிரிவு மூடப்பட்ட ஐந்து ஊர்களை எடுத்துப் பார்த்தார்கள். மூடியதால் இறப்பு கூடியது என்று உறுதியாகச் சொல்லச் சான்று கிடைக்கவில்லை. "பார்த்தீர்களா!" என்று மூடியவர்கள் துள்ள வேண்டாம். மூடியதால் நன்மை விளைந்தது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை! ஆம்புலன்ஸின் வேலைச் சுமை மட்டும் கூடியது. நன்மைக்காக என்று சொல்லி மூடினீர்களே, அந்த நன்மை எங்கே என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டா, இல்லையா?

வூஸ்டரின் புதிய மருத்துவமனையை நடத்திய நிர்வாகமோ, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தரக்குறைவு காரணமாகச் சிறப்பு நடவடிக்கையின் கீழ் வைக்கப்பட்டது. கிடர்மின்ஸ்டரை மூடியது ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் மூன்று குடும்பத்தை ஒரு வீட்டிலே குடியேற்றினால் திண்ணையிலே படுக்க ஆள் இருக்கும் என்பதை நாம் அறிவோம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே தோழர்களே, எந்த நாட்டிலும், எந்த ஊரிலும், ஒரு சின்ன மருத்துவமனையை மூடப் போகிறோம் என்று வருகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மூடாதே என்று கத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை.

புதிய இடம் தயாராகிவிட்டதா, அல்லது படம் மட்டும்தான் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நிமிடம்? இந்த ஊருக்கு எத்தனை ஆம்புலன்ஸ்? ஒரு வண்டி 15 மைல் போயிருக்கும்போது அடுத்த அழைப்புக்கு யார் வருவார்? வண்டியிலே மூச்சுக் குழாய் போடத் தெரிந்தவர் இருக்கிறாரா? பிரசவ வேதனையில் துடிப்பவளை எங்கே கொண்டு போவது? கார் இல்லாத குடும்பம் நோயாளியைப் பார்த்துவர எந்த பஸ், என்ன கட்டணம்? மிச்சப்படும் பணம் எவ்வளவு, அது யார் கைக்குப் போகிறது?

இவற்றுக்கு நேரான பதில் வந்தால், மாற்றத்தை எதிர்க்க வேண்டியதில்லை. பதிலுக்குப் பதிலாகப் புன்னகை மட்டும் வந்தால், அப்போது கொடியைத் தூக்குங்கள்!

தூக்கினால் வெற்றி கிட்டுமா? கிட்டியதும் உண்டு. லண்டனில் லூயிஷாம் என்ற பகுதி. பக்கத்து மருத்துவமனைகள் தனியார் நிதித் திட்டக் கடனிலும் நட்டத்திலும் மூழ்கின. அந்த நட்டத்தை ஈடுகட்ட, ஒழுங்காக நடந்துகொண்டிருந்த லூயிஷாம் மருத்துவமனையின் அவசரப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் குறைக்கப் போவதாக 2013-இல் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் அறிவித்தார். அயல்வீட்டுக் கடனுக்கு நம் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைப்பதா என்று ஊர் கொதித்தது. ஆயிரமாயிரமாய் மக்கள் தெருவில் நடந்தார்கள். டாக்டரும் நர்சும் தாய்மாரும் கைகோத்தார்கள். வழக்கும் போட்டார்கள். அமைச்சர் தன் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. அமைச்சர் மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் அங்கேயும் தோற்றார். லூயிஷாமின் கதவு திறந்தே இருந்தது. கதவு மூடுவதற்கு முன்னே எழுந்த ஊர் அது. தீர்ப்பும் கையிலே கிடைத்தது.

நமக்குள் ஒரு வார்த்தை

கடைசியாக, கட்சித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்குள் பேசிக்கொள்வதுதான்.

கிடர்மின்ஸ்டரில் தொழிற்கட்சிக்காரர்கள் இல்லையா? இருந்தார்கள். கிளைகள் இருந்தன, கூட்டங்கள் நடந்தன, வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த தொண்டர்கள் இருந்தார்கள். அவர்களின் மனைவிமாரும் அந்த மருத்துவமனையில்தானே பிள்ளை பெற்றார்கள்! ஊர் என்ன நினைக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கீழேயிருந்து மேலே போக வேண்டிய சேதி போகவில்லை. போயிருந்தாலும், மேலே இருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிக்கையைப் படித்தார்கள், ஊரைப் படிக்கவில்லை.

தொண்டனின் வேலை தலைமையின் சேதியை ஊருக்குச் சொல்வது மட்டும் அன்று. ஊரின் சேதியைத் தலைமைக்குச் சொல்வதும் அவன் வேலைதான். அது கசப்பான சேதியானால், இரண்டு முறை சொல்ல வேண்டும். கேட்க மறுத்தால் மூன்றாவது முறையும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன தொண்டனைத் துரோகி என்று சொல்லும் கட்சி, தன் வீட்டுக் கூரைக்குத் தானே தீ வைத்துக்கொள்கிறது.

கிடர்மின்ஸ்டர் மக்கள் கட்சி மாறவில்லை, கொள்கை மாறவில்லை. சுரங்கத் தொழிலாளி பெவன் சொன்னதைத்தான் அவர்களும் கேட்டார்கள். நோய் வந்தால், காசு பார்க்காமல், காலம் தாழ்த்தாமல் சிகிச்சை வேண்டும் என்றார்கள். அந்தக் கொள்கையைக் கட்சி கீழே போட்டபோது, ஊர் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டது. 17,630 வாக்கு என்பது அதன் கணக்கு.

இன்றிரவு உங்கள் தெருவில் யாராவது ஒருவருக்கு மூச்சு முட்டினால், எந்தக் கதவைத் தட்டுவது, அது எத்தனை மைல், திறந்திருக்குமா? கிளைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்குள் தெரிந்துகொண்டு வாருங்கள்.